குண்டு சுமக்கப் பிறந்த கோலியாத்

கொல்வதற்கென்று சங்கற்பித்த யந்திரம் மனிதருக்கு வாகனமாக மாறுவதைக் காணும் பாக்கியம் உலகத்துக்கு அடிக்கடி கிட்டுவதில்லை. 1919-ம் வருஷத்தில் பிரெஞ்சு தேசத்தில் அத்தகைய மாறுதல் ஒன்று நிகழ்ந்தது.

பார்மன் சகோதரர்கள் 1918-ல், பெருங் குண்டுகளைச் சுமந்து செல்வதற்காக ஓர் இரட்டை இறக்கை விமானத்துக்குத் திட்டம் வகுத்தார்கள். அது போருக்குப் பயன்படுவதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது. வேறொருவராயிருந்தால் போட்ட முதலை எண்ணித் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார். பார்மன் சகோதரர்களோ, குண்டைத் தாங்கும் வயிறு மனிதரைத் தாங்காதா என்று யோசித்தார்கள். விவிலியத்தில் வரும் இராட்சதனின் பெயரால் 'கோலியாத்' என்று வழங்கிய விமானம் அதுதான்.

அதன் அமைப்பு விசித்திரமானது. மரச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய இறக்கைகள், வளைவு நெளிவின்றி நீண்ட பலகைகளைப்போல் 26 மீட்டருக்கு மேல் விரிந்திருந்தன. கீழ் இறக்கையின்மீது 260 குதிரை சக்தியுள்ள சால்ம்சன் யந்திரங்கள் இரண்டு. அவற்றின் அடியில் சக்கரங்கள். நமது வண்டிகளில் வண்டிக்காரன் முன்னால் உட்காருவான். இதிலோ மூக்கிலேயே கண்ணாடி ஜன்னல்களுடன் பிரயாணிகளின் அறை! பின்புறத்தில் மற்றோர் அறை. இரண்டுக்கும் நடுவே, உயர்ந்த திறந்த இடத்தில் விமானி காற்றிலும் மழையிலும் நனைந்துகொண்டிருந்தார். பிரயாணிகளோ உள்ளே பிரம்பு நாற்காலிகளில் சுகமாக வீற்றிருந்தார்கள்.

1919 பிப்ரவரி 8-ந் தேதி, லூசியன் போஸூத்ரோ என்னும் விமானி பன்னிரண்டு பேருடன் பாரிஸுக்கு அருகிலிருந்து புறப்பட்டு, சுமார் இரண்டரை மணி நேரத்தில் லண்டனுக்கு அருகிலுள்ள கென்லியில் இறங்கினார். ஆனால் சாதாரணப் பிரஜைகள் பறப்பதற்கு அப்போது அநுமதி இல்லை. ஆகவே, முன்னாள் ராணுவத்தினரான அந்தப் பிரயாணிகள் மறுபடியும் ராணுவ உடை தரித்து, உத்தரவுச் சீட்டும் கையில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. விமானம் வேஷத்தைக் கலைத்துவிட்டது. மனிதர்களுக்குத்தான் வேஷம் போட நேர்ந்தது! அடுத்த மாதமே பாரிஸுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் இடையே கோலியாத் போக்குவரத்து தொடங்கியது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவோ சந்தோஷப்படுவோம். சில வருஷங்களுக்குள் பிரெஞ்சு ராணுவமும் கடற்படையும் அதே கோலியாத்தைக் குண்டு விமானமாக ஏற்றுக்கொண்டன. யந்திரத்தின்மீது குற்றமில்லை. அதன் வயிற்றில் பிரம்பு நாற்காலியைப் போடுவதா, வெடிகுண்டை அடுக்குவதா என்று தச்சன் தீர்மானிப்பதில்லை. வரி கொடுக்கும் ஜனங்களே விடை சொல்லவேண்டிய கேள்வி அது. எந்தச் சுதந்திர தேசமும் அதற்கு விலக்கல்ல.