கையெழுத்துப் போடாத கிண்ணம்

அம்பத்தூரில் எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு மண் கிண்ணங்கள் இருக்கின்றன. ஒன்று, புதுச்சேரி கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் வாங்கியது. மற்றது, பூந்தமல்லி சாலையோரத்தில் வாங்கிய தயிர்ச் சட்டி. பேத்தி முதலாவதை ‘ஆர்ட்’ என்கிறாள்; இரண்டாவது அவளுக்கு வெறும் சட்டி. இந்தப் பாகுபாட்டில் எனக்கு உடன்பாடில்லை.

ரே மீக்கர், டெபரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் 1971-இல் தொடங்கிய பட்டறை அது. இந்தியாவின் பெயர்பெற்ற பீங்கான் கலைஞர்கள் பலர் அங்கே தொழில் கற்றவர்கள். அந்தக் கிண்ணம் 1,200 டிகிரிக்கு மேல் வெந்தது. மேலே கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு உருகிப் படிந்திருக்கும். தண்ணீரை உறிஞ்சாது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அது ‘போல்’; காலைக் காப்பிக்கு வெகு பொருத்தம். அழகு முழுவதும் நிறத்தில் இருக்கிறது.

நம் குயவரின் சட்டியில் அழகு வேறு இடத்தில் இருக்கிறது. சக்கரத்திலிருந்து நூலால் அறுத்தெடுத்து, சற்றுக் காய்ந்ததும் உள்ளே கல்லை அணைகொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை உருட்டுவார்கள். பிறகு செம்மண் குழம்பு பூசுவார்கள். அதிகம் போனால் கழுத்தில் ஒரு கோடு. சூளையின் சூடு 1,000 டிகிரியை எட்டாது. அதனால் நுண்துளைகள் அடைபடுவதில்லை. தயிரின் நீரை மண் இழுத்துக்கொள்ள, தயிர் கெட்டியாகிறது. கிளேஸ் பூசினால் இந்த வித்தை நடக்காது. ஆக, அலங்காரம் குறைவாக இருப்பதற்குக் காரணம் அறியாமை அல்ல, உபயோகம்.

அலங்காரம் நமக்குத் தெரியாததும் அல்ல. அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது, உட்புற அடியில் வட்ட வட்டமாகப் பொடிக்கோடுகள் பதித்த மெல்லிய தட்டுகள் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷம் பழையவை. இவ்வளவு நேர்த்தியா, ரோமானியச் சரக்காகத்தான் இருக்கும் என்று முதலில் எண்ணினார்கள். பின்னாளில் மண்ணைப் பரிசோதித்தவர்கள் இந்தியச் சரக்குதான் என்றார்கள். அது இலங்கைக்கும் பாலித் தீவுக்கும்கூடப் போயிருக்கிறது. செய்தவர் பெயர்தான் எங்கும் இல்லை.

குமாஸ்தாவாக இருந்த எனக்கு இது புரிகிறது. வரைவு எழுதுவது நாங்கள், கையெழுத்து அதிகாரியுடையது. கையெழுத்து இல்லை என்பதற்காக எழுதியவனே இல்லை என்றாகிவிடுமா?

கலைக்கூடத்துக் கிண்ணத்துக்குச் சீட்டில் உள்ள விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். கொடுக்க வேண்டியதுதான், உழைப்பு அப்படி. ஆனால் அதே நாம் பொங்கல் சமயத்தில் ஆவடி மார்க்கெட்டில் பானைக்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். மழை பெய்தால் அவருக்குச் சக்கரமும் இல்லை, சூளையும் இல்லை. அவர் பிள்ளை வேறு வேலைக்குப் போனால், அந்தத் தட்டும் கையும் அவரோடு முடிந்தது.

இந்தப் பொங்கலுக்குக் கேட்ட விலையைக் கொடுங்கள். வாங்கியதும் சட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். பலகை தட்டிய தடம் தெரியும். அதுதான் அவர் கையெழுத்து.