ஜோக்கும் வேண்டாம், ஜால்ராவும் வேண்டாம்: ஒரு இத்தாலிய பீரங்கி வண்டி

இரண்டாம் உலகப்போர் இத்தாலி டாங்கின்னாலே ஒரு ஜோக் ரெடியா இருக்கும். "முன்னாடி போக ஒரு கியர், பின்னாடி ஓட நாலு கியர்!" டாங்கி மாடல் கட்டுறவங்க இதைக் கேட்காம இருந்திருக்க முடியாது. எனக்கு இந்த ஜோக் சுத்தமா பிடிக்காது. காரணம், செமோவென்தே 75/18.

பேரைப் பார்த்து பயப்படாதீங்க :-) செமோவென்தே என்றால் இத்தாலிய மொழியில் 'தானே நகர்வது'. 75 என்பது பீரங்கிக் குழலின் உள்விட்டம், மில்லிமீட்டரில். 18 என்பது குழலின் நீளம், அதாவது உள்விட்டத்தைப் போல 18 மடங்கு. இத்தாலேரி கம்பெனி இதை 1/35 அளவில் கிட்டாகப் போட்டிருக்கிறது. கட்டி முடித்தால் சுமார் 14 செ.மீ. நீளம், 5 செ.மீ. சொச்சம் உயரம். அவ்வளவுதான்.

இத்தாலியிடம் இருந்த எம்13/40 டாங்கியில் 47 மி.மீ. பீரங்கிதான். அதைவிடப் பெரிசா வேணும், ஆனா அந்தச் சின்ன கோபுரத்தில் இடமில்லை. ஜெர்மன்காரர்களின் ஸ்டுக் 3 வண்டியைப் பார்த்து இவங்களும் கோபுரத்தையே தூக்கிட்டாங்க. அடிச்சட்டம் அதேதான். மேலே தாழ்வா ஒரு இரும்புப் பெட்டி, முன்னாடி குட்டையா ஒரு 75 மி.மீ. பீரங்கி. 1941 பிப்ரவரியில் முதல் வண்டி தயார், 1942ல் வட ஆப்பிரிக்கப் போர்க்களத்தில். நம்ம பொட்டி தட்டுற பாஷையில் சொன்னா ஒரு ஒர்க்-அரவுண்ட். ஒரிஜினலை விட நல்லாவே வேலை செஞ்சது என்பதுதான் விஷயம்.

ஆனா அதுக்கு விலை கொடுத்தது உள்ளே இருந்தவங்க. மொத்தம் மூணே பேர். வண்டித் தலைவரே குறியும் பார்க்கணும். கோபுரம் இல்லாததால் பக்கவாட்டில் எதிரி வந்தா மொத்த வண்டியையும் திருப்பணும். கவசத் தகடுகளை வெல்டிங் பண்ணாம போல்ட் போட்டு முடுக்கியிருப்பாங்க. வெளியே குண்டு பட்டா அந்த போல்ட்டே தெறிச்சு உள்ளே இருக்கிறவனைத் தாக்கலாம். கிட்டில் வரிசை வரிசையா இந்த போல்ட் தலைகள் இருக்கும். உப்புத்தாள் தேய்க்கும்போது அழிஞ்சிடாம ஒவ்வொண்ணா பார்த்துப் பார்த்துப் போகணும். அப்போ மண்டையில் ஒரு கேள்வி ஓடும்: இதை நம்பி யாருய்யா போருக்குக் கிளம்பினது?

கிளம்பினது முசோலினி. 80 லட்சம் பயனெட் இருக்குன்னு மார்தட்டிட்டு, 1940 ஜூன் 10 அன்று போரில் குதிச்சார். தொழிற்சாலை தயாரா, எஃகு இருக்கா என்ற கணக்கெல்லாம் அவருக்குத் தேவைப்படலை. 1942 நவம்பர் 4 அன்று எல் அலமைன் அருகே அரியேத்தே கவச டிவிஷன் அழிஞ்சது. பின்னாடி ஓடி அழியலை, நின்னு சண்டை போட்டு அழிஞ்சது. இப்போ சொல்லுங்க, அந்த ஜோக்குக்கு சிரிப்பு வருதா?

"பாசிஸ்டுகளோட வண்டியை ஷோகேஸ்ல வைக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கிட் பெட்டி மேல் இருக்கும் படத்தை மட்டும் பார்த்து 'ஆஹா வீரம்' என்று கட்டினால், வைக்க வேண்டாம் என்பேன். வண்டி மேல கொடியும் கர்ஜனையும் வேண்டாம். தூசி, துரு, அந்த போல்ட்டுகள், மேல்மூடி வழியா எட்டிப் பார்க்கிற ஒரு களைச்ச முகம், இதெல்லாம் தெரியுற மாதிரி கட்டினால் தாராளமா வைக்கலாம். பார்க்கிறவங்க கேட்பாங்க, நாம கதையைச் சொல்லலாம்.

டிஸ்கி: கியர் ஜோக் சொல்லி பின்னூட்டம் போடுறவங்களுக்கு போல்ட் தலை ஒட்டுற வேலை தரப்படும் ;-)