தேய்ந்த துளை

சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் பிந்தத் தொடங்கியதும் அதனை எறிந்துவிடுவது முறையன்று.

மணிக்கு 18,000 முறை துடிக்கும் அக்கருவியில் எஃகு அச்சுகளின் நுனிகள் பித்தளைத் தகட்டின் துளைகளிற் சுழல்கின்றன. எண்ணெய் உலர்ந்து தூசி சேர்ந்தால் வட்டத் துளை நீள்வட்டமாகும், அச்சுச் சாயும், சக்கரப் பற்கள் பொருந்தா. கெட்டது ஒரு துளையே, கடிகாரமன்று! தேர்ந்த வினைஞர் அத்துளையை அகலித்து, சிறு பித்தளைக் குழலைப் பதித்து, நடுவே மீண்டும் வட்டத் துளை அமைப்பார்.

இத்தேய்மானத்தைக் குறைக்கவே, துளையிட்ட மாணிக்கக் கல்லில் அச்சைச் சுழலவிடும் முறைக்கு 1704இல் இலண்டனில் உரிமை பெறப்பட்டது. 1902இல் வெர்னேய் செயற்கை மாணிக்கம் ஆக்கும் முறையை வெளியிட்டபின் அக்கல் மலிந்தது. அதன் இனம் குருந்தம். இரத்தினபுரிக் குழிகளில் அகழும் நீலக்கல்லும் அவ்வினமே. ஆங்கிலப் பெயரும் நம் சொல்லின் வழிவந்ததன்றோ?

கல்லுக்குப் பட்டை தீட்டும் நுண்மை வாழும் மண்ணிது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப்புற மாணவர்க்கு இந்நுண்தொழிலையும் ஆசிரியர்கள் அறிமுகஞ் செய்தல் வேண்டும். கொழுந்துக் கூடைக்கு அப்பாலும் அவர்தம் விரல்களுக்கு வேலையுண்டு. பழுதின் இடத்தைக் கண்டு, அதனை மட்டும் திருத்தப் பயிற்றுவதும் கல்வியே.