ஜென்னர் நாடகமும் இரண்டு பொய்களும்

எட்வேர்ட் ஜென்னரைப் பற்றி நான் கண்ட மாணவர் நாடகங்கள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை. 1796 மே 14. பால்காரி சாரா நெல்ம்ஸின் கையில் பசுவம்மைக் கொப்புளம், எட்டு வயது ஜேம்ஸ் பிப்ஸின் புயத்தில் கீறல், ஊராரின் ஏளனம், ஈற்றில் வெற்றி. மண்டபம் கைதட்டும்.

அண்மையில் அப்படியொரு மேடையேற்றம் முடிந்ததும் நம்மவர் ஒருவர் எழுந்தார். "இதெல்லாம் எங்கட ஆக்கள்ட கண்டுபிடிப்பு. தடுப்பூசியைத் தந்தவர் அல்ராஸி" என்றார். அதற்கும் கைதட்டல். எனது கோபம் இரண்டு கைதட்டல்கள் மீதும்தான்.

ஜென்னருக்கு முன்னர் எதுவுமே இருக்கவில்லை என்பது முதற்பொய். சிறுவயதில் ஜென்னருக்கே அம்மை குத்தப்பட்டிருந்தது. அந்த வழக்கத்தை இங்கிலாந்தில் பரப்பியவர் மேரி வேர்ட்லி மொண்டேகு. பெரியம்மைக்குச் சகோதரனைப் பறிகொடுத்தவர். தன் முக அழகையும் இழந்தவர். தூதுவரின் மனைவியாக உஸ்மானியப் பேரரசுக்குச் சென்ற அவர், 1717இல் எதிர்னேயிலிருந்து கடிதம் எழுதினார். வெயில் தணிந்ததும் கிழவிகள் கொட்டை ஓட்டில் அம்மைச் சீழுடன் வீடு வீடாக வந்து ஊசியால் குத்திவிடுவதை அதில் விவரித்தார். 1718இல் தன் மகனுக்கும், 1721இல் லண்டனில் மகளுக்கும் குத்துவித்தார்.

அதே 1721இல் பொஸ்டனிலும் பெரியம்மை பரவியது. அங்கு இதனைச் சொல்லிக்கொடுத்தவர் ஒனெசிமஸ் என்ற ஆபிரிக்க அடிமை. குத்தப்பட்ட சுமார் 240 பேரில் அறுவர் இறந்தனர். நகரில் நோய் கண்ட ஏறத்தாழ 6,000 பேரிலோ 840க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். இந்த அடிமைக்கு எந்த நாடகத்தில் வசனம் இருக்கிறது?

இரண்டாவது பொய் நம்முடையது. அல்ராஸி பெரியம்மையையும் சின்னமுத்தையும் வேறுபடுத்தி நூல் செய்த மேதை. அந்தப் பெருமை போதாதா? அவர் செய்யாததை அவர் தலையில் ஏன் கட்ட வேண்டும்? மேரியின் மகனுக்கு ஊசி குத்திய கிழவியோ கிரேக்கப் பெண். துருக்கியரும் கிரேக்கரும் ஒரே ஊரில் பகிர்ந்துகொண்ட கைவைத்தியம் அது. அதனை "எங்கட" என்று மட்டும் எழுதினால், ஐரோப்பியன் மறைத்த அதே கிழவியை நாமும் மறைக்கிறோம்.

இதனால் ஜென்னர் சிறுத்துப்போக மாட்டார். பெரியம்மைச் சீழைக் குத்துவதில் மரண அபாயம் இருந்தது. குத்தப்பட்டவரிடமிருந்து நோய் பிறருக்கும் தொற்றியது. பசுவம்மை அந்த ஆபத்தை வெகுவாகக் குறைத்தது. அதனைச் சோதித்து, எழுதி, உலகறியச் செய்தவர் அவர். 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

வரலாற்றில் நமக்கு அநீதி நடந்தது என்று முறையிடுகிறோம். முறையிடுபவன் பொய்ச்சாட்சி சொன்னால் வழக்கே தோற்றுவிடும். மேடையில் நடிக்கும் பிள்ளை அந்தப் பொய்யையும் மனனம் செய்துகொள்கிறது.

நாடகம் எழுதும் நண்பர்களே, அடுத்த தடவை திரை எதிர்னேயில் உயரட்டும். கொட்டை ஓட்டுடன் வாசலில் நிற்கும் அந்தப் பெயரறியாக் கிழவி முதலில் பேசட்டும். ஜென்னர் பின்னால் வருவார், அவருக்கும் கைதட்டுவோம்.