அத்திப்பட்டை குளிசைக்கு மாற்றல்ல

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிப் போகும் ஏ9 வீதியில் பலாபத்வலப் பக்கம் மூலிகைப் பேச்செடுத்தால், அத்திப்பட்டை வராமல் போகாது. அவித்துக் குடித்தால் சீனி வருத்தம் அடியோடு மாறும், பிறகேன் குளிசை என்கிறார்கள். அத்தியை மதிக்கிறவன் நான். அதனாலேயே இதை மறுக்கிறேன்.

முதலில் மரம் எது? கடையில் உலர்த்தி விற்பது சீமை அத்தி, ஃபைக்கஸ் காரிக்கா. நமது ஓடைக்கரையில் அடிமரத்திலேயே கொத்தாய்க் காய்ப்பது, சிங்களவர் அட்டிக்கா என்பது, ஃபைக்கஸ் ரெசிமோசா. ஒன்றின் ஆய்வு மற்றதற்குச் சான்றாகாது.

ஆராய்ச்சியே சொல்லிவிட்டதாம். கணையம் கெடுக்கப்பட்ட எலிகளுக்கு அட்டிக்காப் பட்டைச்சாறு கொடுத்தபோது சீனி இறங்கியது உண்மைதான். மனிதருக்கு நோய் மாறியதாக அதற்குப் பொருளில்லை. பட்டையிலுள்ள பீட்டா-சிட்டோஸ்டெரோல் என்ற பொருளைக் காரணம் காட்டினால், அது நல்லெண்ணெயிலும் இருக்கிறது. மெட்ஃபோர்மின் குளிசையின் பூர்வீகமும் ஒரு செடிதான், ஐரோப்பாவின் கலேகா. அச்செடியோடு தொடர்புள்ள குவானிடின் விலங்குகளில் சீனியைக் குறைப்பது 1918இல் தெரிந்தது. ஆனால் அது நஞ்சு. அதன் உறவுப் பொருளான மெட்ஃபோர்மினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை பிரான்சின் ஜான் ஸ்டேர்ன் 1957இல்தான் வெளியிட்டார். செடிக்கும் குளிசைக்கும் நடுவே அத்தனை வருட அளவீடு இருக்கிறது. அடுப்பில் கொதிக்கும் பட்டைக்கு எந்த அளவு? மரத்துக்கு மரம், கைப்பிடிக்குக் கைப்பிடி சத்து மாறும்.

மூலிகைக்குப் பக்கவிளைவே இல்லை என்பது எனக்கு மிகவும் பயம் தரும் பேச்சு. கசாயம் மெய்யாகவே சீனியை இறக்குமானால், குளிசையோடு சேரும்போது அளவுமீறி இறக்கவும் கூடும். வியர்த்து, நடுங்கி, மயங்கி விழ நேரும். இறக்காதென்றால், அதை நம்பிக் குளிசையை விட்டவரின் கண்ணும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் கெடும். இரண்டு பக்கமும் ஆபத்துத்தான்.

முன்னோர் சொன்னதைப் பழிக்கிறேனா? இல்லை. ஆல், அரசு, அத்தி, இத்தி என்ற நால்பாமரப் பட்டைகளை அவித்துப் புண் கழுவினார்கள், வாய்ப்புண்ணுக்குக் கொப்பளித்தார்கள், வயிற்றுப்போக்குக்குக் கொடுத்தார்கள். பட்டையின் துவர்ப்பு தனின். அது புரதத்தைப் பற்றி இறுக்கும். அந்தப் பயன்களுக்கு வேதியியல் துணை நிற்கிறது. நீரிழிவுக்கும் கொடுத்ததுண்டு, ஆனால் வைத்தியர் ஆளைப் பார்த்து, பத்தியம் சொல்லிக் கொடுத்தார். இலங்கையில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டப்படி பதிவுபெற்ற வைத்தியர்கள் இன்றும் இருக்கிறார்கள். வீதியோரத்து வாய்மொழி அவர்களுக்கு ஈடாகாது.

கசாயம் குடிக்கிறவர் வீட்டிலிருந்தால், குளிசையை நிறுத்த விடாதீர்கள். அடுத்த கிளினிக் நாளில், கசாயத்தையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.