வீட்டிலேயே இருங்கள்... ஆனால்?

2020 மார்ச்சில் யாருக்காவது போன் போட்டால் முதலில் என்ன கேட்கும், ஞாபகம் இருக்கிறதா? இருமல்! லொக்கு லொக்கென்று இருமிவிட்டு அப்புறம் தான் அறிவுரை. கையைக் கழுவு, தள்ளி நில். மார்ச் 25-ல் ஊரடங்கு வந்த பிறகு எங்கு திரும்பினாலும் ஒரே மந்திரம்: வீட்டிலேயே இருங்கள்.

நல்ல அறிவுரை தான். ஆனால் அது பாதி வாக்கியம். மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டதற்கு எத்தனையோ பேர் தங்கள் கையையும் காலையும் விலையாகக் கொடுத்தார்கள். இது தான் என் குற்றச்சாட்டு.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். ஊரடங்கின் இரண்டாவது வாரம், காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. பேச்சும் குழறியது. "இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா இல்லாத கொரோனாவும் வந்துரும்ப்பா, கொஞ்சம் படுங்க" என்றார் மகன். 108-ஐக் கூப்பிட்டது மறுநாள். வலது கை இன்று வரை திரும்பவில்லை. மகனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஊரே சொன்னதைத் தானே அவரும் செய்தார்?

பக்கவாதம் அடித்த மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது ஒரு கணக்கு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, அடைப்பா ரத்தக்கசிவா என்று பார்த்தாக வேண்டும். குழாய் விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சைக்குச் சிலருக்கு 24 மணி நேரம் வரை இடமுண்டு. ஆனால் அங்கேயும் முந்தியவருக்குத் தான் பலன் அதிகம். கொடுமை என்னவென்றால், பெரும்பாலும் இது வலிக்காது! வலித்தால் அலறிக்கொண்டு ஓடுவோம். வலிக்காததால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று படுத்துவிடுகிறோம்.

இது எங்கள் தெருக் கதை மட்டுமல்ல. 70 நாடுகளில் 457 சிகிச்சை மையங்களைப் பார்த்த ஓர் ஆய்வு, பெருந்தொற்றின் முதல் நான்கு மாதங்களில் பக்கவாதத்துக்காகச் சேர்ந்தவர்கள் அதற்கு முந்தைய நான்கு மாதங்களைவிட 11.5 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. கரைக்கும் ஊசி போடுவதும் 13.2 சதவீதம் குறைந்தது. ஏன், ரத்தக்குழாய்களும் ஊரடங்கில் இருந்தனவா? கொரோனாவே ரத்தம் உறைவதைக் கூட்டும் நோய்!

'மக்களே பயந்துகொண்டு வரவில்லை, அரசு என்ன செய்யும்?' என்பார்கள். ஐயா, அவசர சிகிச்சைக்கு வெளியே வர விதியில் அனுமதி இருந்தது. 108 வண்டியும் ஓடியது. ஆனால் விதி காகிதத்தில், பயம் காதில். தினம் பத்து முறை என் காதில் இருமியவர்கள், "வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே கிளம்புங்கள்" என்று நான் கேட்க ஒரு முறை கூடச் சொல்லவில்லை. போதாக்குறைக்கு வாய் கோணுவதை முகக்கவசம் வேறு மறைத்தது. தனியாக இருந்தவர்களுக்கோ, பேச்சு குழறுவதைக் கவனிக்கவே ஆளில்லை.

அடுத்த பெருந்தொற்று வராமல் போகாது. அப்போதும் "வீட்டிலேயே இருங்கள்" என்று தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அதே மூச்சில் மீதியையும் சொல்லுங்கள். அரசு மறந்தால் நாம் சொல்வோம். இன்றைக்கே, வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியிலிருந்து தொடங்குவோம். அதற்கு எந்த ஊரடங்கும் தடையில்லை.