சமன்பாட்டில் இல்லாத கந்தகம்

ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் வரும் நம் மாணவர்க்குக் கந்தகத்தை அறிமுகம் செய்ய ஆய்வுக்கூடம் தேவையில்லை. தோலில் முடி நீக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் சேர்க்கும் சோடியம் சல்ஃபைடே போதும். அதில் அமிலம் கலந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு எழும் வாயு ஆளையே கொல்லும். ஆனால் நம் வீட்டு அலுமினியப் பாத்திரத்துக்கும் கந்தகத்துக்கும் உறவு உண்டு என்றால் நம்புவோர் சிலரே.

அலுமினாவும் கரியும் வினைபுரிந்து அலுமினியமும் கரியமில வாயுவும் தரும் என்று எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அந்தக் கரி எங்கிருந்து வந்தது? எண்ணெய்ச் சுத்திகரிப்பில் எஞ்சும் கல்கரியைத் தார்க்கீலுடன் பிசைந்து சுட்டதே நேர்மின்வாய். கச்சா எண்ணெயின் கந்தகம் அதில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு தங்கிவிடுகிறது. ஏறத்தாழ 960 டிகிரி வெப்பத்தில் கரி தேயத் தேய, கந்தகம் பெரிதும் கார்பனைல் சல்ஃபைடாக வெளியேறி, காற்றில் எரிந்து கந்தக டை ஆக்சைடாகிறது. உலோகம் தூயதாகிறது, காற்று மாசாகிறது.

இது அற்ப அளவுதானே என்பீர்கள். ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் 400 கிலோ கரி செலவாகிறது. அதில் 3 விழுக்காடு கந்தகம் என்றால் 12 கிலோ. அது முழுதும் எரிந்தால் 24 கிலோ கந்தக டை ஆக்சைடு. ஆலைகளோ ஆண்டுக்கு இலட்சக்கணக்கான டன் உருக்குகின்றன!

சிறிதளவு கந்தகம், கரி வீணாக எரிவதைத் தடுக்கிறது. அளவு மிஞ்சினால் கரியைத் தாங்கும் இரும்புத் தண்டை அரிக்கிறது. இந்த இலாப நட்டத்தை ஆலை அறியும். காற்றின் நட்டத்துக்குக் கணக்கு எழுதுவோர் யார்? புகையிலுள்ள ஃபுளூரைடை அலுமினாவே உறிஞ்சிவிடும். கந்தக டை ஆக்சைடோ தப்பிவிடும். நார்வே நாட்டுக் கடலோர ஆலைகளில் அதைக் கடல்நீரால் கழுவுகிறார்கள். கடலற்ற ஊரில் காரக் கரைசல் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும்.

சேர்வராயன், கொல்லிமலைப் பாக்சைட்டைக் கொண்டு 1965-இல் மேட்டூரில் தொடங்கிய மதராஸ் அலுமினியம் கம்பெனி 2008-இல் உருக்குவதை நிறுத்தியது. இன்று ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் உருக்குகிறார்கள். பாத்திரம் நம்மிடம் வருகிறது. புகை அவர்களிடம் தங்குகிறது.

தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டை வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டின் சட்டமே என்று 1996-இல் தீர்ப்பு வந்தது. நம் மாவட்டத்தின் துயரில் உறுதிப்பட்ட அந்த நீதி, தோலுக்கு மட்டும் உரியதன்று, புகைக்கும் உரியது.

ஆசிரியப் பெருமக்களே, கரும்பலகையில் அந்தச் சமன்பாட்டின் கீழே கந்தகத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். மாணவ நண்பர்களே, நாளை ஆலையில் பணியேற்கும்போது அந்த வரியை மறவாதீர்கள். கசடு மறைவதில்லை, இடம் மாறுகிறது. அது போய்ச் சேரும் இடத்திலும் மனிதர் வாழ்கின்றனர்.